கருப்பட்டிப் பாகுக்குப் பதில் தேனா, மேப்பிள் சிரப்பா? சுக்கு மல்லிக் காப்பி பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். கனடாவில் உங்களுக்கு முதல் குளிர்காலம். அம்மா எழுதிக்கொடுத்த சுக்கு மல்லிக் காப்பிக் குறிப்பில் "நாலு டம்ளருக்கு நாலு கரண்டி கருப்பட்டிப் பாகு" என்று இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுபோன கருப்பட்டி தீர்ந்துவிட்டது, அலமாரியில் தேனும், மேப்பிள் மரச்சாற்றைச் சுண்டக் காய்ச்சி எடுக்கும் மேப்பிள் சிரப்பும் இருக்கின்றன, அதே நாலு கரண்டி ஊற்றினால் சரியாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இன்னும் இரண்டு: தேனைச் சூடாக்கினால் விஷம் என்று அம்மா சொல்வது உண்மையா, போன வாரம் சுக்கு இல்லாமல் இஞ்சி தட்டிப்போட்டுப் பால் ஊற்றியபோது ஏன் திரிந்துபோனது. ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், "தேன் ஊற்றிப் பார்த்தேன், இனிப்பு இருக்கிறது, ஆனால் இருமல் மருந்து குடிக்கிற மாதிரி இருக்கிறது" என்று, எனக்கு அதுதான் அசல் கேள்வியாகப் படுகிறது. அளவு ரெண்டு வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயம். இருமல் மருந்து ஏன் வந்தது என்பதற்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

அளவை முதலில் முடித்துவிடுகிறேன். மேப்பிள் என்றால் அதே நாலு கரண்டி, தேன் என்றால் மூன்றில் தொடங்குங்கள். எதை ஊற்றினாலும் பொடியிலும் கொஞ்சம் கை வைக்க வேண்டியிருக்கும். பாகை மட்டும் மாற்றிவிட்டு மசாலாவை அப்படியே விட்டால் நீங்கள் சொன்ன அந்த மருந்து ருசிதான் வரும். நான் படித்தது உணவுத் தொழில்நுட்பம், அதற்கப்புறம் 17 வருடமாகத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் சுக்கு மல்லிப் பொடி, நன்னாரி, பானகப் பாகு இதெல்லாம் தயாரிக்கும் வேலை. கருப்பட்டியும் தேனும் எனக்குத் தினப்படி சமாச்சாரம். மேப்பிள் அப்படி இல்லை. அக்கா மகன் மாண்ட்ரியலில் இருக்கிறான், வரும்போது டின்னில் கொண்டுவருவான், அதை வைத்து வீட்டில் செய்து பார்த்த அனுபவம்தான். அதனால் மேப்பிள் பற்றிச் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கருப்பட்டி அந்தக் காப்பியில் என்ன செய்கிறது என்று முதலில் பார்க்கலாம். ஒரு துண்டு கருப்பட்டியை வாயில் போட்டு அவசரப்படாமல் கரைய விட்டிருக்கிறீர்களா? முதலில் இனிப்பு வரும், அடுத்து நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு கரிப்பு, அப்புறம் அடுப்புப்புகை வாசம், கடைசியில் வறுத்த எதையோ மென்ற மாதிரி ஒரு சின்னக் கசப்பு. அந்தக் கரிப்புக்கும் புகைக்கும் காரணம் செய்முறைதான். பதநீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள், அந்தப் பதநீரை விறகடுப்பில் திறந்த சட்டியில் மணிக்கணக்காகக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றி ஆறவைக்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது தெரிந்திருக்கும், அந்த மண்ணில் வரும் பதநீரும் இந்தக் கைப்பக்குவமும் சேர்ந்த ருசி அது. ஆக, சுக்கு மல்லிக் காப்பி என்று நாம் சொல்லும் பானத்தில் காப்பிக்கொட்டை ஒன்றுகூடக் கிடையாது. காப்பி மாதிரி இருப்பதற்கான கறுப்பு நிறம், வறுத்த வாசம், லேசான கசப்பு எல்லாவற்றையும் கொடுப்பது பெரும்பாலும் கருப்பட்டிதான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மல்லி, சுக்கு, மிளகு போட்ட கஷாயம். கஷாயத்தில் தேன் ஊற்றினால் அது மருந்து மாதிரி இருக்காமல் வேறு எப்படி இருக்கும்? நம் ஊரில் சூரணத்தைக் குழைத்துக் கொடுப்பதும் தேனில்தானே, நாக்குக்கு அது சின்ன வயதிலிருந்தே பழக்கமான ருசி.

இப்போது அளவுக்கான கணக்கு. கரண்டி என்று நான் சொல்வது 15 மில்லி பிடிக்கும் மேசைக்கரண்டி. பாகுகளை ஒப்பிடும்போது கரண்டியையோ கெட்டித்தன்மையையோ பார்த்து ஏமாறக்கூடாது, அதில் தண்ணீர் போக எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று பார்க்க வேண்டும். யூனிட்டில் இதற்கு ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் கருவி வைத்திருப்போம், ஒரு சொட்டு விட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தால் பிரிக்ஸ் எண் தெரியும். வீட்டில் வடிகட்டிச் சுண்டவைத்த கருப்பட்டிப் பாகு சுமார் 65 பிரிக்ஸ், அதாவது நூறு கிராமில் 65 கிராம் கரைந்த பொருள், அதில் பெரும்பகுதி சர்க்கரை. மேப்பிள் சிரப் 66, 67. நல்ல தேன் 80க்கு மேல். தேன் கனமும் அதிகம், ஒரு கரண்டி 21 கிராம் நிற்கும். கணக்குப் போட்டால் கருப்பட்டிப் பாகிலும் மேப்பிளிலும் கரண்டிக்கு 13 கிராம் சர்க்கரை, தேனில் 17 கிராம். நாலு பதின்மூன்று ஐம்பத்திரண்டு, மூன்று பதினேழு ஐம்பத்தொன்று. நாலுக்கு மூன்று வந்தது இப்படித்தான். உங்கள் அம்மாவின் பாகு என்ன பதம் என்று எனக்குத் தெரியாது, சிலர் தண்ணியாக வைப்பார்கள், சிலர் கம்பிப் பதத்துக்குக் கொண்டுபோவார்கள், ஆகவே கால் கரண்டி முன்னே பின்னே போகலாம்.

இதில் ஒரு சின்ன வில்லங்கம் இருக்கிறது. தேனின் சர்க்கரையில் பெரும்பங்கு ஃப்ரக்டோஸ், அடுத்தது குளுக்கோஸ். கருப்பட்டியிலும் மேப்பிளிலும் பெரும்பாலும் இருப்பது சுக்ரோஸ், அதாவது நம் வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். ஃப்ரக்டோஸின் இனிப்பு சூட்டைப் பொறுத்து மாறும். குளிர்ந்த தண்ணீரில் சுக்ரோஸை விட நன்றாகத் தூக்கலாகத் தெரியும், சூடு ஏற ஏற இறங்கிக்கொண்டே வந்து 60 டிகிரி பக்கம் போனால் அந்த அதிகப்படி இனிப்பு காணாமல் போய்விடும். அதனால்தான் அடுப்பிலிருந்து இறக்கிய உடனே ருசி பார்த்துவிட்டு "இனிப்பு பத்தலையே" என்று இன்னும் ஒரு கரண்டி தேன் ஊற்றுகிறோம், டம்ளரில் பாதி குடித்து ஆறியதும் திகட்டுகிறது. நீங்களும் அப்படிச் செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், நிச்சயமாகச் சொல்ல முடியாது. தேன் ஊற்றினால் மூன்று கரண்டியோடு நிறுத்தி, குடிக்கிற சூட்டுக்கு வந்த பிறகு ருசி பார்த்து, வேண்டுமானால் அரைக் கரண்டி சேருங்கள். இதே காரணத்தால் ராமநவமிப் பானகம் மாதிரி ஆறிய பானத்துக்கு வெல்லத்துக்குப் பதில் தேன் போடுகிறவர்கள் இரண்டரைக் கரண்டியிலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, இருமல் மருந்து. தேனில் இரண்டு குணம் நமக்குக் குறுக்கே நிற்கிறது. ஒன்று புளிப்பு. நாக்குக்கு உடனே தெரியாது, இனிப்பு மூடிவிடும், ஆனால் தேன் அமிலத்தன்மை உள்ள பொருள், பிஎச் அளவு பெரும்பாலும் 4க்குப் பக்கத்தில் நிற்கும். இரண்டாவது பூவாசம். கொத்தமல்லி விதையின் எண்ணெயில் முக்கியமான வாசப்பொருள் லினலூல், அதுவும் பூவாசம்தான், லாவெண்டர் பூவிலும் இருப்பது. பச்சை மல்லியைப் பொடித்துக் கொதிக்கவைத்துத் தேனும் ஊற்றினால் பூவும் பூவும் சேர்ந்துகொள்கிறது. மேலே ஏலக்காய் வேறு. வறுத்த வாசத்துக்கோ கரிப்புக்கோ அங்கே ஆளே இல்லை. இதற்கு நான் செய்வது: மல்லியை வழக்கத்தை விட ஒரு படி கூடுதலாக, நிறம் நன்றாகச் சிவக்கிறவரை வறுப்பேன், கருகக்கூடாது, கருகினால் கசப்பு வேறு மாதிரி வரும். வறுக்க வறுக்கப் பூவாசம் அடங்கிக் காப்பிக்கொட்டைச் சாயலில் ஒரு வாசம் எழும்பும், அப்போது இறக்கிவிட வேண்டும். ஏலக்காயையும் துளசியையும் விட்டுவிடுவேன். மிளகைப் பாதியாகக் குறைப்பேன், தேனின் புளிப்போடு மிளகுக் காரம் தொண்டையில் கூர்மையாகத் தெரிகிறது என்பது என் நாக்கின் கணிப்பு, எல்லோருக்கும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். கடைசியில் டம்ளருக்கு இரண்டு விரலால் எடுக்கும் உப்பில் பாதி. சிரிக்காதீர்கள், அந்த உப்புதான் கருப்பட்டியின் கரிப்புக்கு ஈடு. ஒருமுறை உப்போடும் உப்பில்லாமலும் இரண்டு டம்ளர் வைத்துக் குடித்துப் பாருங்கள்.

மேப்பிள் நம் கருப்பட்டிக்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். இரண்டும் மரத்துச் சாறு, இரண்டும் காய்ச்சிச் சுண்டவைத்தது. பதநீரில் சர்க்கரை 10, 12 சதவீதம் இருக்கும், மேப்பிள் மரச்சாற்றில் இருப்பதோ சுமார் 2 சதவீதம். அதனால்தான் 40 லிட்டர் சாறு காய்ச்சினால் ஒரு லிட்டர் சிரப், விலையும் அந்த விலை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கியூபெக்கிலும் அடுப்பு எரியும், உடன்குடியிலும் எரியும், எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம். ஆனால் மேப்பிளில் சுண்ணாம்பின் கை படவில்லை, திறந்த விறகடுப்புப் புகை பெரும்பாலும் கிடையாது. கேரமல், வெனிலா மாதிரி ஒரு மென்மையான வாசம்தான் தூக்கி நிற்கும். கடையில் கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க் என்று நாலு வகை போட்டிருக்கும். நாலுமே கிரேடு ஏ தான், தரத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை, நிறமும் ருசியும்தான் வித்தியாசம். பருவத்தின் கடைசியில் வரும் சாறு கறுத்து அழுத்தமாக இருக்கும். தோசைக்கு மேலே ஊற்றக் கோல்டன் அழகு, சுக்குக் காப்பிக்கு அது கண்ணுக்கும் தெரியாது நாக்குக்கும் தெரியாது. டார்க் அல்லது வெரி டார்க் வாங்குங்கள்.

மேப்பிளில் செய்யும்போது குறை எதிர்ப்பக்கம் இருக்கும். ரொம்ப சாதுவாக, பாயசத்தில் இஞ்சி விழுந்த மாதிரி இருக்கும். இங்கே சுக்கை ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். இஞ்சி காயும்போதும் சூடுபடும்போதும் அதன் ஜிஞ்சரால் என்ற காரப்பொருள் ஷோகால் என்ற இன்னும் உறைப்பான பொருளாக மாறுகிறது, ஆகவே உறைப்புக்குச் சுக்குதான் சரி, பச்சை இஞ்சி அதே வேலையைச் செய்யாது. அப்புறம், மூன்றரைக் கரண்டி மேப்பிளுக்கு அரைக் கரண்டி மொலாசஸ், அதாவது கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகு. உங்கள் ஊர்க் கடைகளில் "ஃபேன்சி" என்று போட்டு வருவது மென்மையானது, "பிளாக்ஸ்ட்ராப்" என்பது கறுப்பாக, கசப்பாக, இரும்பு வாசத்தோடு இருக்கும். பிளாக்ஸ்ட்ராப் என்றால் கால் கரண்டிக்கு மேல் போகாதீர்கள். அந்த அரைக் கரண்டியில் நிறமும் கசப்பும் கரிப்பும் ஓரளவு வந்துவிடும். புகைவாசத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு: வட இந்தியக் கடையில் கிடைக்கும் பெரிய கறுப்பு ஏலக்காய். அதை நெருப்புப் புகையில் உலர்த்துவதால் அந்த வாசம் அதிலேயே ஏறியிருக்கும். நாலு டம்ளருக்கு ஒரு காயில் பாதியைத் தட்டிப்போட்டால் போதும், முழுக்காய் போட்டால் பிரியாணி ஞாபகம் வந்துவிடும். அக்கா மகன் ஊருக்கு வந்திருந்தபோது இப்படிச் செய்து, எது கருப்பட்டி என்று சொல்லாமல் வீட்டில் நாலு பேருக்குக் கொடுத்தேன். மூன்று பேர் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். நாலாவது ஆள் எங்கள் அத்தான், அவருக்குச் சளி.

மற்ற பாகுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒருவரி. கோல்டன் சிரப் கரும்புச் சர்க்கரையை அமிலத்தால் பாதி உடைத்துச் செய்வது, தேன் மாதிரியே கெட்டி, பூவாசம் இல்லை, தேனைவிட எனக்கு இது பிடிக்கும், அளவு தேனுக்குச் சொன்னதே. பேரீச்சை சிரப் நிறத்திலும் உடம்பிலும் கருப்பட்டிக்கு நல்ல போட்டி, ஆனால் பழப்புளிப்பும் துவர்ப்பும் தெரியும், மல்லியைக் குறைத்துச் சுக்கைக் கூட்டினால் தனி பானமாகவே நன்றாக இருக்கிறது. அகாவே சிரப்பின் சர்க்கரையில் பெரும்பகுதி ஃப்ரக்டோஸ், ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை, அதை விட்டுவிடலாம். உண்மையான மாற்று என்று நான் நினைப்பது கித்துள் பாணி. இலங்கையில் கித்துள் பனையின் பூம்பாளைச் சாற்றைக் காய்ச்சி எடுப்பது, அதே பனைக் குடும்பம், அதே விறகடுப்பு. கரண்டிக்குக் கரண்டி மாற்றலாம், பொடியில் கை வைக்கவே தேவையில்லை. ஒரே எச்சரிக்கை, சீனி கலந்த பாணி சந்தையில் நிறைய உண்டு. கருப்பட்டியிலும் அந்தத் திருட்டுத்தனம் இருப்பதால் இதில் நாம் யாரையும் குறை சொல்ல முடியாது.

தேனைச் சூடாக்கினால் விஷமா என்ற கேள்விக்கு வருகிறேன், இதில் தெரிந்ததையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆயுர்வேதம் சூடாக்கிய தேனை விலக்கச் சொல்கிறது, சரக சம்ஹிதையிலேயே அது இருக்கிறது, அம்மா சொல்வது புதிதாகக் கிளம்பிய வாட்ஸப் சங்கதி இல்லை. ஆய்வகத்தில் உறுதியாகத் தெரிவது, தேனைக் காய்ச்சினால் அதன் நொதிகள் செயலிழக்கின்றன, வாசம் போகிறது, எச்எம்எஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு பொருள் கூடுகிறது. தேன் எவ்வளவு சூடுபட்டது, எவ்வளவு பழசு என்று கண்டுபிடிக்கவே அந்த எச்எம்எஃப் அளவைப் பார்ப்பார்கள். சர்வதேசத் தேன் தரத்தில் கிலோவுக்கு 40 மில்லிகிராம், வெப்பமண்டலத் தேனுக்கு 80 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதே பொருள் வறுத்த காப்பிக்கொட்டையிலும் உலர்ந்த பழத்திலும் இருக்கிறது, நாம் அதைத் தினமும் சாப்பிடுகிறோம். ஒரு டம்ளர் சூடான கஷாயத்தில் ஒரு கரண்டி தேன் கலந்து குடித்தால் உடம்பு நஞ்சாகும் என்பதற்கு நவீன ஆய்வில் ஆதாரம் இல்லை. இது உணவு படித்தவனின் பதில், வைத்தியரின் பதில் வேறாக இருக்கலாம், அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. எப்படியிருந்தாலும் தேனைக் கொதிக்கவிடுவது காசுக்குக் கேடு. வாசத்துக்காகத்தான் தேனுக்கு இவ்வளவு விலை கொடுக்கிறோம், அதைக் கொதிக்கவைத்து அடுக்களைக் காற்றில் விட்டுவிட்டால் மிச்சம் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான். இறக்கி, வடிகட்டி, டம்ளரில் ஊற்றி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கலந்தால் அம்மா பேச்சையும் கேட்டமாதிரி ஆகும், ருசியும் நிற்கும். கருப்பட்டியும் மேப்பிளும் ஏற்கெனவே மணிக்கணக்காகக் காய்ந்தவை, அவற்றைக் கஷாயத்தோடு ஒரு கொதி விட்டால் ஒன்றும் கெடாது, கருப்பட்டிக்கு அது நல்லதுகூட.

ஆனால் தேன் விஷயத்தில் எந்தச் சந்தேகமும் இல்லாத ஒன்று இருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக்கூடாது, ஒரு சொட்டும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்துகள் அந்த வயதுக் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கலாம், போட்டுலிசம் என்பது அதுதான். அந்த வித்துகள் சாதாரணக் கொதியில் சாவதில்லை, கஷாயத்தில் போட்டுக் காய்ச்சிவிட்டேன் என்பது சமாதானம் ஆகாது. நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று நாக்கில் தேன் தடவுவார்கள், சளி பிடித்தால் பாட்டி ஒரு சங்கு கஷாயம் புகட்டுவார். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, இருந்தால் இந்தப் பத்தியை மட்டுமாவது அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அதே மாதிரி, கருப்பட்டி சுகரை ஏற்றாது என்று கீழே ஒருவர் பின்னூட்டம் போட்டிருக்கிறார். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், அது ஏற்றத்தான் செய்யும். சர்க்கரை நோய் உள்ளவருக்குத் தேன், மேப்பிள், கருப்பட்டி மூன்றுமே சர்க்கரைக் கணக்கில்தான் வரும். எவ்வளவு குடிக்கலாம் என்பது அவரவர் மருத்துவர் சொல்ல வேண்டியது.

பால் திரிந்த கதை எனக்கு ரொம்பப் பிடித்த கதை, ஏனென்றால் குற்றவாளி பாகு இல்லை. பச்சை இஞ்சிச் சாற்றில் புரதத்தை வெட்டும் ஒரு நொதி இருக்கிறது, ஜிஞ்சிபெய்ன் என்று பெயர். சீனாவின் குவாங்டாங் பக்கம் இதையே வித்தையாக வைத்து ஒரு இனிப்பு செய்கிறார்கள். கிண்ணத்தில் இஞ்சிச் சாறு, மேலே சர்க்கரை போட்டுக் காய்ச்சி சற்றே ஆறிய பால், கலக்காமல் விட்டால் சில நிமிடத்தில் தயிர் மாதிரி உறைந்து நிற்கும். நீங்கள் இஞ்சியைத் தட்டிக் கடைசியில் போட்டு, உடனே சூடான பாலை ஊற்றியிருந்தால் தெரியாமலே அந்த இனிப்பைச் செய்திருக்கிறீர்கள். நல்ல கொதியில் அந்த நொதி செத்துவிடும். தட்டிய இஞ்சியைத் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்புறம் பால் சேருங்கள். சுக்கில் இந்தத் தொல்லை பெரிதாக வராது. பாகும் துணைக்குற்றவாளியாக இருந்திருக்கலாம்: தேன், மொலாசஸ், பழைய வெல்லம் இவற்றின் புளிப்பு சூடான பாலை விளிம்புக்குக் கொண்டுபோகும். அதனால் பாலும் கஷாயமும் தனித்தனியாகக் காய்ந்து, இரண்டும் அடுப்பிலிருந்து இறங்கிக் கலந்தபிறகு கடைசியாகப் பாகு. பாகை ஊற்றிவிட்டு மறுபடி சுடவைக்கக்கூடாது. மேப்பிளில் புளிப்பு மிகக் குறைவு என்பதால் பால் ஊற்றிக் குடிக்கிறவருக்கு அதுதான் பாதுகாப்பு.

ஒரேயடியாகச் செய்து பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றினால், என் கதையைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். யூனிட்டில் ஒரு வருடம் "தேன் கலந்த சுக்குப் பாகு" என்று போட்டால் நன்றாக விற்கும் என்று முடிவெடுத்தோம். கருப்பட்டிப் பாகில் கால் பங்கைக் குறைத்துத் தேன் சேர்த்தோம், தேன் கெட்டுப்போகாது என்ற தைரியத்தில் மசாலாக் கஷாயத்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டோம். அவசரத்தில் நான் பிரிக்ஸ் பார்க்கவில்லை. சித்திரை வெயிலில் கடைக்காரர் போன் பண்ணினார், அலமாரியில் பாட்டில்கள் மூடி உப்பி நிற்கின்றன, ஒன்று ராத்திரி வெடித்துக் கடை முழுக்க எறும்பு என்று. திரும்பி வந்த பாட்டிலை அளந்தால் 58 பிரிக்ஸ். தேன் கெடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் அதில் தண்ணீர் குறைவு, ஈஸ்டுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. நாம் கஷாயத்தைக் கலந்ததும் அந்தக் காவல் போய்விடுகிறது, ஆனால் ஈஸ்ட் அங்கேயேதான் இருக்கிறது. ஆகவே தேன் தனியாக ஜாடியில் வெளியே இருக்கலாம், தேனோடு இஞ்சிச் சாறோ கஷாயமோ கலந்தது ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும், ஒரு வாரத்தில் தீர்த்துவிட வேண்டும். மேப்பிளைத் திறந்தபிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள், வெளியில் இருந்தால் மேலே பூஞ்சை பிடிக்கும்.

இன்றைக்கு ராத்திரியே செய்வதானால் என் அளவு இது. 100 கிராம் சிவக்க வறுத்த மல்லி, 60 கிராம் சுக்கு, 10 கிராம் மிளகு, பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். இது மேப்பிளுக்கான கணக்கு, கருப்பட்டி கிடைத்ததும் சுக்கை 50க்கு இறக்கிவிடலாம். தேன் என்றால் சுக்கு 50, மிளகு 5. சின்ன டம்ளரில் நாலு டம்ளருக்கு, 600 மில்லி தண்ணீரில் இரண்டு கரண்டி பொடி போட்டு 500 ஆகும்வரை கொதிக்கவிட்டு, மூடி ஐந்து நிமிடம் வைத்து, மேலே தெளிந்ததை வடித்து, மூன்றரை கரண்டி டார்க் மேப்பிள், அரைக் கரண்டி மொலாசஸ், அந்தத் துளி உப்பு.

அதற்கு முன்னால் ஒரு போன் போட்டுப் பாருங்கள். டொராண்டோ பக்கம் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்கார்பரோவில் இருக்கும் ஈழத்தமிழர் கடைகளில் கருப்பட்டி என்று கேட்டால் சில நேரம் கித்துளை எடுத்துக் கொடுப்பார்கள், பனங்கட்டி என்று கேளுங்கள், யாழ்ப்பாணத்தில் பனைவெல்லத்துக்கு அதுதான் பெயர். பனையோலைக் குட்டானில் வந்தால் இன்னும் விசேஷம். அவர்கள் அதைப் பாகு காய்ச்சுவதில்லை, பாலில்லாத தேநீரையோ மல்லி அவித்த தண்ணீரையோ சீனி போடாமல் ஒரு மிடறு குடித்து, பனங்கட்டியை ஒரு கடி கடித்துக்கொள்வார்கள். பாகுதான் வேண்டுமென்றால் அரைக்கிலோவுக்குக் கால் லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கரைத்து, ஒரு கொதி வந்ததும் துணியில் வடிகட்டிப் பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். அப்புறம் மேலாக மட்டும் சாய்த்து ஊற்றி, லேசாகப் பிசுக்கென்று விரலில் ஒட்டும்வரை திரும்பக் காய்ச்சுங்கள். அடியில் நிற்கும் கடைசிக் கரண்டியைச் சுரண்டி எடுக்க ஆசைப்படாதீர்கள், மணல் அத்தனையும் அதில்தான் இருக்கும்.